தயிர் தோயவில்லை, மாவு பொங்கவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

செங்கோட்டையில் 14 வருடமாகத் தயிரும் இட்லி மாவும் போட்டு விற்கிறேன். மலைக்கு இந்தப் பக்கம் புளியரை, அந்தப் பக்கம் ஆரியங்காவு, கழுதுருட்டி வரை டீக்கடைகளுக்கும் வீடுகளுக்கும் சரக்கு போகிறது. சாரல் தொடங்கிக் கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் விடிந்ததும் போன் வரும். "அக்கா, தயிர் தோயல." "சேச்சி, மாவு பொங்கியில்லா." ஒரே பழுதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் கைக்கு வந்த முறையை இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்த அறிகுறி ஆனாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: அதில் இருந்த சர்க்கரை என்ன ஆயிற்று? பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை 100 கிராமுக்கு 4.5 முதல் 5 கிராம் வரை இருக்கிறது. உளுந்தில் வேறு சில சர்க்கரைகள் உண்டு. தயிரிலும் மாவிலும் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா அதை உள்ளே இழுத்துத் தின்று கழிவை வெளியே விடுகிறது. தயிரின் புளிப்பு அந்தக் கழிவு. மாவைத் தூக்கும் வாயுவும் அந்தக் கழிவுதான். தின்றதா, தின்னவில்லையா, தின்று எதை விட்டது என்று தெரிந்துகொண்டால் பழுது எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு சமையல் வெப்பமானி, புளிப்பை அளக்கும் பி.எச். தாள் ஒரு கட்டு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்), கண்ணாடி டம்ளர் நாலு. வெப்பமானி இல்லாதவர்கள் சுண்டுவிரலைப் பாலில் விட்டு நிதானமாகப் பத்து எண்ணிப் பார்க்கலாம். பொறுக்க முடிந்தால் உறை ஊற்றலாம்.

## அறிகுறி 1: ராத்திரி உறை ஊற்றிய பால், காலையிலும் பாலாகவே இருக்கிறது

பாத்திரத்தை ஆட்டாமல் ஒரு கரண்டி எடுத்து முகர்ந்து பாருங்கள். கெட்ட வாடை அடித்தால் அங்கேயே நிறுத்திக் கொட்டிவிடுங்கள். வாடை இல்லையென்றால் ஒரு சொட்டு நாக்கில் விடுங்கள். கசந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். காய்ச்சினாலும் சாகாத வித்துகள் பாலில் உண்டு. தயிர் பாக்டீரியா வேலை செய்யாத இரவில் அவை முளைத்துக்கொள்ளும்.

### லேசாகப் புளிக்கிறது, ஆனால் கட்டவில்லை

இது பழுதே இல்லை, நேரம் போதவில்லை. பால் பி.எச். 6.7 பக்கம் தொடங்கும். காய்ச்சிய பால் 5.2-க்கு அருகில் இறுகத் தொடங்கி, 4.6-க்கு வரும்போது நன்றாகக் கட்டிவிடும். தாளில் 5.5, 6 என்று காட்டினால் பாத்திரத்தை 42 டிகிரி வெந்நீருக்குள் இறக்கி மூடிவையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் தோய்ந்துவிடும். நடுவில் கிண்டக் கூடாது.

### இனிப்பு மாறவே இல்லை

சர்க்கரை அப்படியே கிடக்கிறது, யாரும் தின்னவில்லை என்று அர்த்தம். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

குளிர். வீட்டுத் தயிரில் பல வகை பாக்டீரியா கலந்திருக்கும். லாக்டோகாக்கஸ் என்ற கூட்டத்துக்கு 30 டிகிரி சுகம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிக்கஸ் என்ற ஜோடிக்கு 40-க்கு மேல் வேண்டும். 20-க்குக் கீழே போனால் எல்லாம் மந்தமாகிவிடும். ஆரியங்காவில் ஒரு டீக்கடைச் சேட்டனுக்கு ஆடி மாதம் முழுக்கத் தயிர் தோயாமல் போயிற்று. பால், உறைமோர் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டார். நேரில் போய்ப் பார்த்தால், ஜன்னலோரக் கருங்கல் திண்டில் வெறும் பாத்திரத்தை வைத்திருக்கிறார். கல் ராத்திரி முழுக்கச் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சாக்கு மடித்து அடியில் போட்டு, மேலே ஒரு பழைய கம்பளியைச் சுற்றச் சொன்னேன். மறுநாளே தோய்ந்தது. குளிரில் நின்றுபோன பாலைக் கொட்ட வேண்டாம். மேலே சொன்ன வெந்நீர் வைத்தியம் போதும்.

அதிகச் சூடு. அடுப்பிலிருந்து இறக்கிக் கை சுடுகிற பாலில் உறை ஊற்றினால் பாக்டீரியாவில் பெரும்பாலானவை செத்துப்போகும், மிச்சம் முடங்கிக் கிடக்கும். பாலை ஆறவிட்டுப் புதிதாக உறை ஊற்றுங்கள். 40-லிருந்து 43-க்குள் இருந்தால் நல்லது. வெயில் காலத்தில் 35 கூடப் போதும்.

பழைய உறைமோர். எங்கள் ஊரில் சிலர் பிரை என்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் கிடந்து பல் கூசும் அளவு புளித்த தயிரில் பாக்டீரியா தன் அமிலத்திலேயே ஊறிச் சோர்ந்திருக்கும். சர்க்கரையை உள்ளே இழுக்க அதற்கே கொஞ்சம் சக்தி வேண்டும். அந்த இருப்புக்கூட இல்லாத செல் எழுந்து வேலை தொடங்க நேரம் எடுக்கும். இரண்டு நாளுக்குள் தோய்த்த தயிரை, மேலாடையை ஒதுக்கிவிட்டு நடுவிலிருந்து எடுங்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். நிறைய ஊற்றினால் சீக்கிரம் தோயும் என்று கால் டம்ளர் ஊற்றுகிறவர்கள் உண்டு. தோயும்தான், ஆனால் புளிப்பு ஏறித் தண்ணீர் விட்ட தயிராக வரும்.

இந்த மூன்றையும் சரிசெய்து, மறுநாளும் பால் பாலாகவே இருந்தால் ஊகத்தை நிறுத்திவிட்டுக் கீழே உள்ள சோதனைக்குப் போங்கள்.

### நாலு டம்ளர் சோதனை

எனக்கு எத்தனையோ சண்டையைத் தீர்த்து வைத்த சோதனை இது. பால்காரர் உறைமோரைக் குறை சொல்வார், வீட்டுக்காரர் பாலைக் குறை சொல்வார். நாலு டம்ளர் வைத்தால் பதில் வந்துவிடும்.

சந்தேகப் பாலைக் காய்ச்சி ஆற்றி இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். தோயும் என்று தெரிந்த பாக்கெட் பாலை, ஆவினோ மில்மாவோ, அதே மாதிரி காய்ச்சி ஆற்றி மற்ற இரண்டில் ஊற்றுங்கள். முதல் டம்ளர்: சந்தேகப் பால், நம் உறைமோர். இரண்டாவது: சந்தேகப் பால், பக்கத்து வீட்டு உறைமோர். மூன்றாவது: பாக்கெட் பால், நம் உறைமோர். நாலாவது: பாக்கெட் பால், பக்கத்து வீட்டு உறைமோர். நாலையும் ஒரே வெந்நீர்ப் பாத்திரத்தில் 40 டிகிரியில் வைத்து ஆறு மணி நேரம் கழித்துச் சாய்த்துப் பாருங்கள்.

நாலும் தோய்ந்தால் பாலும் நல்லது, உறைமோரும் நல்லது. உங்கள் அடுக்களை குளிர்கிறது, அல்லது நேற்று சூடு தப்பியிருக்கிறது. மேலே போய் மறுபடி பாருங்கள்.

நாலும் தோயவில்லை என்றால் பாத்திரத்தைச் சந்தேகப்படுங்கள். பிளீச்சிங் தண்ணீரிலோ பினாயிலிலோ கழுவி, சரியாக அலசாத பாத்திரத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதும் நாலாவதும் தோய்ந்து, முதலும் மூன்றாவதும் நின்றுபோனால் நம் உறைமோரில்தான் பழுது. முதலும் இரண்டாவதும் நின்றுபோய் மற்ற இரண்டும் தோய்ந்தால் பாலில் ஏதோ இருக்கிறது. முதல் டம்ளர் மட்டும் நின்றால் பாலில் கொஞ்சம் கோளாறு, உறைமோரும் பலவீனம், இரண்டும் சேர்ந்து கவிழ்த்திருக்கின்றன. அப்போது முதலில் உறைமோரை மாற்றுங்கள், அது செலவில்லாதது.

### பழுது உறைமோரில் என்றால்

வீட்டளவில் இது சுலபம். வேறு இடத்திலிருந்து நல்ல தயிர் வாங்கிப் புது உறை தொடங்கினால் தீர்ந்தது. உறைமோரை எப்போதும் பாலிலேயே தொடருங்கள். லாக்டோகாக்கஸில் லாக்டோஸை இழுத்து உடைக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனிச் சிறு வளையத்தில் இருக்கும். லாக்டோஸ் இல்லாத உணவில் வளர்க்கும்போது அந்த வளையத்தைத் தொலைத்துவிட்ட செல்கள் பெருகிவிடக்கூடும். அப்புறம் பாலில் போட்டால் பக்கத்தில் சர்க்கரை இருந்தும் தின்னத் தெரியாமல் நிற்கும்.

என்னைப் போல விற்கிறவர்களுக்கு வரும் பழுது வேறு. நேற்று வரை ஆறு மணி நேரத்தில் தோய்ந்தது, இன்று எட்டு, நாளை பத்து, அதற்கடுத்த நாள் தோயவே இல்லை. எல்லாப் பாலிலும் அப்படியே. இது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ், பாக்டீரியோஃபேஜ். பாலாடைக்கட்டித் தொழிலில் உறை திடீரென்று செத்துப்போவதற்கு இதுதான் காரணம் என்று 1935-இல் நியூசிலாந்தில் வைட்ஹெட், காக்ஸ் என்ற இருவர் கண்டு சொன்னார்கள். பாலைச் சுட வைப்பதால் மட்டும் இந்த வைரஸ் போகாது. தயிர்த் தண்ணீர் தெறித்த மேசை, துணி, வாளி எல்லாவற்றிலும் இருக்கும். எல்லாப் பாத்திரத்தையும் கொதிநீரில் முக்கி, தரையையும் மேசையையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். உறைமோரை வேறு ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். நான் இப்போது மூன்று வீட்டு உறைமோரைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு இரண்டு நாளுக்கு ஒன்று மாற்றி மாற்றி ஊற்றுகிறேன். ஒரு வைரஸ் எல்லா வகையையும் தாக்குவதில்லை. இத்தனையும் செய்து ஒரு வாரத்தில் மறுபடி வந்தால், பால்வளம் படித்த ஒருவரை இடத்துக்கே கூப்பிட்டுக் காட்டுங்கள். தண்ணீர் போகும் வழி, காற்று வரும் வழி எல்லாம் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

### பழுது பாலில் என்றால்

இன்னும் ஒரு டம்ளர். சந்தேகப் பால் பாதி, நல்ல பால் பாதி கலந்து நல்ல உறைமோர் ஊற்றி வையுங்கள். சந்தேகப் பாலில் சத்துக் குறைவு மட்டும்தான் என்றால் பாதி நல்ல பால் அதை ஈடுகட்டித் தோய வைத்துவிடும். கலவையும் தோயவில்லை என்றால் தடுக்கிற ஏதோ ஒன்று பாலில் கலந்திருக்கிறது.

மாட்டுக்கு ஊசி போட்டார்களா என்று பால்காரரிடம் தணிவாகக் கேளுங்கள். மடிநோய்க்குப் பென்சிலின் வகை மருந்து போட்டால் அது சில நாள் பாலில் வரும். காய்ச்சினாலும் முழுசாகப் போகாது. தெர்மோபிலஸ் பென்சிலினுக்கு மிகவும் அஞ்சும் பாக்டீரியா, துளி இருந்தாலும் பெருகாது. மருந்துச் சீட்டில் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அத்தனை நாளும் அந்த மாட்டின் பாலைத் தனியாக வைக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி ஊசி போட்ட ஒரு மாட்டின் பாலை மற்ற நாலு மாட்டுப் பாலோடு கலந்துவிட்டார். அந்தத் தெரு முழுக்க மூன்று நாள் தயிர் இல்லை. அவர் மோசடி செய்யவில்லை, விஷயம் தெரியாது. சொன்னதும் நிறுத்திவிட்டார்.

மருந்து போடாவிட்டாலும் மடிநோய்ப் பாலில் லாக்டோஸ் குறைந்து உப்பு கூடியிருக்கும். ஆறிய பாலை நாக்கில் வைத்தால் லேசாகக் கரிக்கும். பி.எச். தாளும் 7 பக்கம் போகும். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் திரி திரியாகக் கட்டிகள் தெரியும். இந்த இடத்தில் கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாடு வலியில் நிற்கிறது. தயிரை விட அது முக்கியம்.

மாட்டுக்கு ஒன்றும் இல்லை, தாள் மட்டும் 7-க்கு மேல் காட்டுகிறது என்றால், கெடாமல் இருக்கச் சோடா மாதிரி காரம் எதையாவது கலந்திருக்கலாம். பாக்டீரியா அமிலம் விடவிட அந்தக் காரம் அதைத் தின்றுகொண்டே இருக்கும், பி.எச். இறங்காது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருந்தால் பாக்டீரியாவே சாகும். தமிழ்நாட்டிலிருந்து கேரளம் போகும் பாலைச் சோதிக்க ஆரியங்காவு, மீனாட்சிபுரம், பாறசாலை ஆகிய இடங்களில் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச் சாவடிகள் இருப்பது இதற்காகத்தான். வீட்டில் இதை உறுதிசெய்ய முடியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இன் 40-ஆம் பிரிவின்படி வாங்குகிறவரே கட்டணம் கட்டி மாதிரியை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். இல்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். செலவும் அலைச்சலும் அதிகம் என்பதால்தான் இதைக் கடைசியாகச் சொல்கிறேன்.

## அறிகுறி 2: தோய்ந்தது, ஆனால் தண்ணீர் மிதக்கிறது, பல் கூசுகிறது

"பாலில் இருந்த சர்க்கரை எல்லாம் தீர்ந்து புளித்துவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நன்றாகப் புளித்த தயிரிலும் பாதிக்கு மேல் லாக்டோஸ் மிச்சம் இருக்கும். பாக்டீரியாவை நிறுத்துவது பசி இல்லை, தான் விட்ட அமிலம்தான். ஆகவே இன்னும் விட்டால் இன்னும் புளிக்கும். தோய்ந்த உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அங்கேயும் பல்கேரிக்கஸ் மெதுவாக அமிலம் விட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் தயிர் முதல் நாளை விடப் புளிப்பாக இருப்பது அதனால்தான்.

தண்ணீர் விடுவதற்குக் காரணம் அதிகச் சூடு, அதிக உறை, பாத்திரத்தை ஆட்டியது, இந்த மூன்றில் ஒன்று. பாலைப் பொங்கியதும் இறக்காமல் சிறு தீயில் இன்னும் 5, 10 நிமிடம் விட்டு இறக்கினால் கட்டியாக வரும். புளித்ததைக் கொட்ட வேண்டாம். ஆரியங்காவுப் பக்கம் புளிசேரிக்கும் மோர் காச்சியதற்கும் இப்படிப்பட்ட தயிரைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

## அறிகுறி 3: தயிர் நூல் நூலாக இழுக்கிறது

வாடையும் ருசியும் நன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம். சில வகை பாக்டீரியா சர்க்கரையில் ஒரு பங்கை நீளச் சங்கிலியாகக் கோத்து வெளியே விடும். குளிர்ந்த இடத்தில் மெதுவாகத் தோயும்போது இந்தக் குணம் கூடும். சாரல் மாதங்களில் எனக்கும் வரும். இரண்டு முறை 42 டிகிரியில் தோய்த்தெடுத்தால் பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் உறைமோரை மாற்றுங்கள். இழுப்போடு கெட்ட வாடையோ கசப்போ சேர்ந்தால் கொட்டிவிடுங்கள்.

## அறிகுறி 4: தயிரில் குமிழி, வெடிப்பு, ஓட்டை

தயிர் பாக்டீரியா பெரும்பாலும் வாயு விடாது. ஒரு குளுக்கோஸை உடைத்து இரண்டு லாக்டிக் அமிலமாக்கும், அவ்வளவுதான். வாயு இருந்தால் வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

மணம் சாராயம் போல, ரொட்டி போல இருந்தால் ஈஸ்ட். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டுக்கு லாக்டோஸைத் தின்னத் தெரியாது. பிறகு எப்படித் தயிரில் வளர்கிறது? தெர்மோபிலஸ் லாக்டோஸை உள்ளே இழுத்து இரண்டாக வெட்டி, குளுக்கோஸைத் தின்றுவிட்டுக் காலக்டோஸை வெளியே தள்ளிவிடும். ஒரு லாக்டோஸ் உள்ளே வரும் அதே வாசலில் ஒரு காலக்டோஸ் வெளியே போகும். அப்படி மிச்சம் விட்ட காலக்டோஸ்தான் ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு. மூடி திறந்து கிடந்ததா, மாவு தொட்ட கரண்டி தயிரில் பட்டதா என்று பாருங்கள். நான் மாவுக்கும் தயிருக்கும் தனி அறை வைத்ததே இதற்குப் பிறகுதான்.

மணம் சாக்கடை போல இருந்தால் அழுக்குத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ருசி பார்க்காமல் கொட்டுங்கள். உறைமோரையும் சேர்த்துக் கொட்டுங்கள். ஏற்கனவே சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்திருந்தால் மருத்துவரிடம் போங்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள்.

## அறிகுறி 5: இட்லி மாவு பொங்கவில்லை

இங்கே வேலை செய்வது வேறு கூட்டம். முக்கியமானது லியூகோனோஸ்டாக் மெசன்டராய்டிஸ். இட்லி மாவைத் தூக்குவது இதுதான் என்று 1965-இலேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். ஒரு குளுக்கோஸைத் தின்றால் ஒரு லாக்டிக் அமிலம், ஒரு எத்தனால், ஒரு கரியமில வாயு என்று மூன்றாகப் பிரித்து விடும். ஒரு கிராம் குளுக்கோஸ் முழுக்க இந்த வழியில் போனால் ஏறக்குறைய 130 மில்லி வாயு. அதனால் மாவுக்குச் சர்க்கரை அதிகம் வேண்டியதில்லை, இருப்பதைத் தின்ன விட்டால் போதும்.

மாவைத் தொட்டு நாக்கில் வையுங்கள். புளிப்பு இருக்கிறதா?

### புளிப்பும் இல்லை, பொங்கலும் இல்லை

தின்னவே இல்லை. குளிர் முதல் சந்தேகம். மாவுக்கு 27 முதல் 32 டிகிரி நல்லது. சாரலில் 12 மணி நேரம் போதாது, 16 கூட ஆகும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.

அடுத்தது மிக்ஸி. லியூகோனோஸ்டாக் அதிகச் சூடு தாங்காது, 40-க்கு மேல் வளராது. மிக்ஸியில் ஒரே மூச்சாக அரைத்தால் மாவு கையில் சுடும். ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு அரையுங்கள். கல் கிரைண்டரில் இந்தப் பிரச்சினை குறைவு.

மூன்றாவது, உளுந்து ஊறிய தண்ணீர். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி அரைப்பது பலர் பழக்கம். உளுந்தில் சுக்ரோஸ், ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகள் உண்டு. ஊறும்போது அவை தண்ணீரில் இறங்கும். தோலிலிருந்த பாக்டீரியாவும் இறங்கும். தட்டில் போட்ட சோற்றையும் அதைச் சாப்பிட வந்தவர்களையும் சேர்த்து வெளியே தள்ளுவது போல ஆகிவிடும். நன்றாகக் கழுவிய பிறகு ஊறவையுங்கள், நாலைந்து மணி நேரம் போதும், அந்தத் தண்ணீரை விட்டே அரையுங்கள். அரிசியிடம் எதிர்பார்க்காதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, இந்தப் பாக்டீரியாவில் பெரும்பாலானவற்றுக்கு மாவுச்சத்தை உடைக்கத் தெரியாது.

வருடக்கணக்கில் கிடந்த உளுந்து, அளவுக்கு மிஞ்சிய உப்பு, இவை அதற்குப் பிறகு. தொலி உளுந்து கிடைத்தால் ஒருமுறை அதில் போட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின்மேல் எல்லோரும் பழி போடுகிறார்கள். என் அனுபவத்தில் அது காரணமாக இருந்தது அபூர்வம். சந்தேகமென்றால் தண்ணீரை ராத்திரி திறந்து வைத்துவிட்டு எடுங்கள்.

### புளித்துவிட்டது, ஆனால் எழும்பவில்லை

தின்றிருக்கிறது. வாயு உண்டாகவில்லையா, உண்டாகித் தங்கவில்லையா என்று பிரிக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத்த உளுந்து மாவைத் துளி விடுங்கள். மிதந்தால் உளுந்து சரியாக அரைபட்டிருக்கிறது. மூழ்கினால் வாயுவைப் பிடித்துவைக்க அதனால் ஆகாது. இன்னும் அரைத்துக் காற்றேற்றுங்கள். மாவு நீர்த்துப்போனாலும் குமிழி மேலே வந்து உடைந்துபோகும். கரண்டியிலிருந்து மெதுவாக வழிய வேண்டும், ஓடக் கூடாது.

உளுந்து மிதக்கிறது, பதமும் சரி என்றால், மாவில் தயிரோ பழைய மாவோ கலந்தீர்களா? வெயில் காலத்தில் அடுப்புப் பக்கம் வைத்தீர்களா? தயிர் பாக்டீரியா மாதிரி வாயு விடாமல் லாக்டிக் அமிலம் மட்டும் விடும் கூட்டம் முந்திக்கொண்டுவிட்டது. அமிலம் நிறைய, வாயு இல்லை. இந்த மாவைத் தோசைக்கும் பணியாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை எதுவும் கலக்காமல் தனியாகப் புளிக்க விடுங்கள்.

### பொங்கி இறங்கிவிட்டது

நேரம் தாண்டிவிட்டது. சீக்கிரம் எழுந்து ஊற்றுங்கள்.

### மேலே பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புத் திட்டு

பூஞ்சை. வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தை ஊற்றக் கூடாது, முழுதும் கொட்ட வேண்டும்.

## அறிகுறி 6: சீனி போட்டேன், மாவு கொழகொழவென்று ஆகிவிட்டது

சீக்கிரம் புளிக்கட்டும் என்று சீனி போடும் யோசனையை யார் பரப்பினார்களோ தெரியாது, எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். சீனி என்பது சுக்ரோஸ். லியூகோனோஸ்டாக் அதை முழுசாக உள்ளே இழுப்பதற்கு முன், வெளியிலேயே ஒரு நொதியால் வெட்டி, குளுக்கோஸை வரிசையாகக் கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற பசையாக்கிவிடும். மிச்சமான ஃபிரக்டோஸ் மானிட்டால் ஆகும். அப்படி ஆகும்போது எத்தனாலுக்குப் பதில் அசிட்டிக் அமிலம் கூடும். வழவழப்பும் வினிகர் வாடையும் ஒன்றாக வருவது அதனால்தான்.

சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் இட்லி பிசுபிசுக்கும். வறுத்த ரவையோ அரிசி மாவோ கலந்து ஊத்தப்பமாக வார்த்துத் தீர்த்துவிடுங்கள். குளிருக்கு மருந்து சூடுதான், சீனி இல்லை.

## அறிகுறி 7: ஆப்பம் ஓட்டை விழவில்லை

எல்லையில் இருக்கும் கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஆப்ப மாவுக்குக் கள்ளு ஊற்றுவார்கள். இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 1987 முதல் கள்ளு விற்பனை இல்லை, ஆகவே தேங்காய்த் தண்ணீரைப் புளிக்க வைத்தோ ஈஸ்ட் போட்டோ செய்கிறோம். இரண்டிலும் வாயு விடுவது பெரும்பாலும் ஈஸ்ட். அதற்குச் சுக்ரோஸ் தின்னத் தெரியும், ஆகவே இந்த மாவில் மட்டும் ஒரு கரண்டி சீனி உதவும்.

ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வெதுவெதுப்பான தண்ணீரில் சீனி கரைத்து ஈஸ்ட் தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். நுரை வரவில்லை என்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள். தேங்காய்த் தண்ணீர் நுரைக்கவில்லை என்றால் காய்ச்சிவிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கள்ளு ஊற்றியும் ஓட்டை விழவில்லை என்றால் முகர்ந்து பாருங்கள். மூக்கைக் குத்தினால் அது நாள்பட்ட கள்ளு. சர்க்கரை தீர்ந்து, சாராயமும் வினிகராக மாறிவிட்டது. அதை மாவில் ஊற்றாமல் புட்டியில் அடைத்து வைத்தால் மீன்கறிக்கும் ஊறுகாய்க்கும் நல்ல வினிகர்.